கீரன் மெக்கென்னா பெரிய கிளப்புக்குத் தயாரா?

கேள்வி: வணக்கம் சார். நானும் என் தம்பியும் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள். 2024 மே மாதம் ஐப்ஸ்விச் டவுன் இங்கிலாந்து கால்பந்தின் மேல் லீகான பிரீமியர் லீகுக்கு ஏறியபோது, அதன் மேனேஜர் கீரன் மெக்கென்னாவை நம் கிளப் கூட்டி வர வேண்டும் என்று வீட்டில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஐப்ஸ்விச்சிலேயே இருந்துவிட்டார். அடுத்த வருடமே அணி கீழே இறங்கியது. "நல்ல வேளை, தப்பிச்சோம்" என்கிறான் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓர் இளம் மேனேஜர் பெரிய கிளப்புக்குத் தயார் என்று உங்களைப் போன்ற பயிற்சியாளர்கள் எதை வைத்துச் சொல்வீர்கள்? மெக்கென்னா தயாரா, இல்லையா?
— ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள மதுரை வாசகருக்கு,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2024 மே மாதத்தில் அவர் யுனைடெட்டுக்குத் தயாராக இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உங்கள் தம்பி சொல்லும் காரணம் தப்பு. ஐப்ஸ்விச் இறங்கியதை வைத்து மெக்கென்னாவை எடை போட முடியாது. பார்க்க வேண்டியது வேறு ஒன்று. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மெக்கென்னாவைத் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. வடக்கு அயர்லாந்தின் ஃபெர்மனா மாவட்டத்தில் வளர்ந்தவர். டாட்டன்ஹாம் அகாடமியில் மிட்ஃபீல்டராக இருந்தார். இடுப்புக் காயத்தால் இருபதுகளின் தொடக்கத்திலேயே ஆட்டம் முடிந்துபோனது. முதல் அணிக்காக ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. அப்புறம் பயிற்சியாளராகி, டாட்டன்ஹாமின் இளையோர் அணியிலிருந்து 2016-இல் யுனைடெட்டின் 18 வயதுக்குட்பட்டோர் அணிக்கு வந்தார். 2018-இல் அப்போதைய யுனைடெட் மேனேஜர் மொரீன்யோ அவரை முதல் அணிக்கு அழைத்துக்கொண்டார். மொரீன்யோவுக்குப் பின் வந்த சோல்ஷாரும் அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டார். 2021 டிசம்பரில், 35 வயதில், மூன்றாம் படியான லீக் ஒன்னில் திணறிக்கொண்டிருந்த ஐப்ஸ்விச்சின் பொறுப்பை ஏற்றார்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2022-23இல் 98 புள்ளி, 101 கோல், ஒரு படி ஏற்றம். 2023-24இல் இரண்டாம் படியான சாம்பியன்ஷிப்பில் 96 புள்ளி, மறுபடியும் ஏற்றம். 22 வருடம் கழித்து ஐப்ஸ்விச் பிரீமியர் லீகில். இங்கிலாந்தில் இப்படி அடுத்தடுத்த வருடங்களில் இரண்டு படி ஏறிய அணிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த மே மாதம் செல்சி, யுனைடெட், பிரைட்டன் என்று மூன்று கிளப்புகளோடு அவர் பெயர் அடிபட்டது இயல்புதான். மாதக் கடைசியில் அவர் ஐப்ஸ்விச்சோடு 2028 வரை புது ஒப்பந்தம் போட்டார்.

சரி, அந்த மூன்று நாற்காலிகளில் யார் உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள். செல்சிக்கு என்ஸோ மரெஸ்கா போனார். அதே சாம்பியன்ஷிப்பில் மெக்கென்னாவைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் எடுத்து, லெஸ்டரை 97 புள்ளியோடு முதலிடத்தில் நிறுத்தியவர். செல்சியில் முதல் வருடமே நான்காம் இடம் பிடித்து, கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையையும் வென்றார். பிரைட்டனுக்கு 31 வயது ஃபேபியன் ஹூர்ட்செலர் வந்தார். ஜெர்மனியில் செயின்ட் பாலியை மேல் லீகுக்கு ஏற்றிவிட்ட கையோடு வந்து, எட்டாம் இடத்தில் முடித்தார். யுனைடெட் ஏற்கெனவே இருந்த மேனேஜர் டென் ஹாகையே வைத்துக்கொண்டது. அக்டோபரில் அவரை அனுப்பிவிட்டு, நவம்பரில் ரூபன் அமோரிமைக் கொண்டுவந்தது. அவருக்கும் அப்போது 39 வயதுதான். ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு 19 வருடம் கழித்து லீக் பட்டம் வாங்கித் தந்தவர். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் அவரைவிடப் பேர் வாங்கிய இளம் மேனேஜர்கள் ஓரிருவர்தான் இருந்திருப்பார்கள்.

அமோரிமின் முதல் மேட்ச் நினைவிருக்கிறதா? 2024 நவம்பர் 24. போர்ட்மன் ரோடு மைதானம். எதிரே மெக்கென்னாவின் ஐப்ஸ்விச். இரண்டாவது நிமிடத்திலேயே யுனைடெட்டின் ராஷ்ஃபோர்டு கோல் அடித்தார். இடைவேளைக்குச் சற்று முன் ஒமாரி ஹச்சின்சன் சமன் செய்தார். 1-1. தங்கிவிட்டவரும் புதிதாக வந்தவரும் பக்கத்துப் பக்கத்துக் கோட்டில் நின்ற அந்த மேட்ச்சில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அமோரிமின் கையில் அன்று திறமை, பேர், கோப்பை எல்லாம் இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று: பயிற்சி நாட்கள். அவருடைய ஆட்டக்காரர்களில் பலர் தங்கள் நாட்டு அணிக்கு ஆடப் போய்விட்டு, மேட்ச்சுக்கு இரண்டு மூன்று நாள் முன்புதான் திரும்பியிருந்தார்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மட்டும் மேட்ச் உள்ள அணிக்கு வாரம் எப்படிப் போகும்? ஞாயிறு உடலைத் தேற்றும் நாள். திங்கள் ஓய்வு அல்லது லேசான பயிற்சி. செவ்வாய், புதன் இரண்டும்தான் பாடம் நடக்கும் நாட்கள். யார் எப்போது முன்னே ஓடுவது, பந்து பறிபோனால் முதல் ஐந்து வினாடி என்ன செய்வது எல்லாம் அங்கேதான் காலில் ஏறும். வியாழன் எதிரணிக்கான திட்டம், கார்னர், ஃப்ரீ கிக். வெள்ளி லேசாக. இப்போது புதன்கிழமை, வேறு நாட்டு கிளப்போடு ஆடும் ஒரு ஐரோப்பிய மேட்ச்சைச் செருகிப் பாருங்கள். ஞாயிறு தேறுதல், திங்கள் லேசாக, செவ்வாய் விமானம், புதன் மேட்ச், வியாழன் திரும்பி வந்து தேறுதல், வெள்ளி லேசாக, சனி மேட்ச். பாடம் நடத்த ஒரு நாள்கூட மிச்சமில்லை. மாதக்கணக்கில் இப்படியே ஓடும்.

இளம் மேனேஜர்கள் சின்ன கிளப்பில் பேர் வாங்குவது பெரும்பாலும் அந்தச் செவ்வாயிலும் புதனிலும்தான். எதிரணிகளைவிட நல்ல ஆட்டக்காரர்களை வாங்க அவர்களிடம் பணம் இல்லை. அதனால் இருப்பவர்களுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்து முன்னேறுகிறார்கள். பெரிய கிளப்புக்குப் போனதும் சம்பளம், ஆட்டக்காரர்கள், உதவியாளர்கள் எல்லாம் கூடுகின்றன. அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்த பயிற்சி நாட்கள் மட்டும் பறிபோகின்றன. 2024-25இல் ஐப்ஸ்விச் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து ஆடியது 42 மேட்ச். யுனைடெட் ஆடியதோ அறுபதுக்குப் பக்கம். அமோரிம் சீசன் முடிந்த பிறகு வரத்தான் விரும்பினார். இப்போது வந்தால்தான் உண்டு என்று யுனைடெட் சொன்னதாக அவரே வெளிப்படையாகப் பேசினார். நடுவில் வந்து, மூன்று டிஃபெண்டர்களை வைத்து ஆடும் முற்றிலும் புதிய முறையை மூன்று நாளுக்கொரு மேட்ச்சுக்கு இடையே சொல்லிக்கொடுக்க முயன்றார். அணி 42 புள்ளியோடு 15-ஆம் இடத்தில் முடித்தது. யூரோப்பா லீக் இறுதியிலும் டாட்டன்ஹாமிடம் 1-0 எனத் தோற்றது. அவருக்குத் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருடைய முக்கியமான கருவியைப் பிடுங்கிக்கொண்டுதான் வேலையைக் கொடுத்தார்கள்.

இது எனக்கு வெறும் படிப்பறிவு இல்லை. முப்பது வயதில், ஏழு வருடம் பள்ளி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு, ஒரு சீனியர் கிளப் அணி என் பொறுப்பில் வந்தது. பள்ளியில் வாரத்துக்கு ஐந்து மாலைகள் கிடைத்தன. கிளப்பில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், ஷிஃப்ட் முடிந்து வருவார்கள். இரண்டு மாலைகள்தான் கிடைக்கும். அதிலும் முழு அணி ஒரு நாளும் சேராது. ஐந்து மாலைப் பாடத்தை இரண்டு மாலைக்குள் திணித்தேன். அடுத்தடுத்துத் தோற்றோம். ஒரு நாள் அணியிலேயே மூத்த டிஃபெண்டர் தனியாகக் கூப்பிட்டு, "கோச், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. அதை நாங்க செஞ்சிடறோம்" என்றார். என்னைவிட நான்கு வயது பெரியவர். அந்த ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிவதற்கு எனக்கு ஒரு சீசன் பிடித்தது. அன்றிலிருந்து எந்த இளம் பயிற்சியாளரைப் பார்த்தாலும் இதைத்தான் கவனிக்கிறேன். நேரம் கையில் இருக்கும்போது என்ன செய்கிறார் என்பதல்ல, நேரமே இல்லாதபோது எதை விடுகிறார், எதை வைத்துக்கொள்கிறார் என்பது.

இந்தக் கண்ணோடு மெக்கென்னாவைப் பார்த்தால் இரண்டு பக்கமும் தெரிகிறது.

அவருக்குச் சாதகமான பக்கம் சாம்பியன்ஷிப். 24 அணி, 46 மேட்ச். சனி ஆடி, செவ்வாய் ஆடி, மறுபடி சனி ஆடும் வாரங்கள் அங்கே சாதாரணம். மேனேஜர்களைக் கசக்கிப் பிழியும் லீக் அது. அதில் 96 புள்ளி எடுத்தவருக்கு நெருக்கடியான அட்டவணை புதிதில்லை. மரெஸ்காவின் செல்சி வெற்றிக்கும் இது ஓரளவு காரணம் என்பது என் எண்ணம். இன்னொன்றும் உண்டு. லீக் ஒன்னில் ஐப்ஸ்விச் பெரிய அணிகளில் ஒன்று. எதிரணிகள் பல பத்துப் பேரையும் பின்னால் நிறுத்தி ஆடின. அப்படி அடைத்து நிற்கும் சுவரை உடைத்துத்தான் ஒரு சீசனில் 101 கோல் வந்தது. யுனைடெட் மாதிரி கிளப்பில், சொந்த மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் பாதி மேட்ச் இப்படித்தான் இருக்கும். பிரீமியர் லீகின் நடுவரிசை அணியில் எதிர்த்தாக்குதல் ஆட்டத்தில் பேர் வாங்கி வருகிறவருக்கு இந்தப் பழக்கம் இருக்காது. மெக்கென்னாவுக்கு இருக்கிறது.

பாதகமான பக்கமும் அதே சாதனைக்குள்ளேயே இருக்கிறது. அவருடைய வேலை மெல்ல மெல்ல ஊறும் வேலை. சாம் மோர்ஸி, கானர் சாப்ளின், லூக் வூல்ஃபென்டன் எல்லாம் லீக் ஒன்னிலேயே அவரோடு இருந்தவர்கள். லெஃப்ட் பேக் லீஃப் டேவிஸை எடுத்துக்கொள்ளுங்கள். லீட்ஸில் வாய்ப்பு கிடைக்காமல் இருந்தவர், 2022-இல் வந்தார். இரண்டாவது வருடம் சாம்பியன்ஷிப்பில் 18 கோல்களுக்கு வழி செய்தார். ஒரு டிஃபெண்டருக்கு இது அசாத்தியமான எண்ணிக்கை. அவர் எப்போது மேலே ஓடுவார், அவர் விட்ட இடத்தை யார் நிரப்புவார் என்பது அணியில் எல்லோருக்கும் மனப்பாடம். அப்படி மனப்பாடம் ஆவதற்கு இரண்டு வருடம் தேவைப்பட்டது. பிரீமியர் லீகுக்கு ஏறியதும் நூறு மில்லியன் பவுண்டுக்கு மேல் செலவழித்துப் புதியவர்களை வாங்கினார்கள். பாதி அணி புதுசு. மனப்பாடமானது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. 38 மேட்ச்சில் 22 புள்ளி, வாங்கிய கோல் 82. சொந்த மைதானத்தில் சீசன் முழுக்க லீகில் ஒரே ஒரு வெற்றி, டிசம்பர் 30 அன்று செல்சிக்கு எதிராக.

இத்தனைக்கும் அந்த வருடம் ஐப்ஸ்விச்சுக்கு ஐரோப்பிய மேட்ச் கிடையாது. பயிற்சி நாட்கள் இருந்தன. இருந்தும் புது அணியை ஒரே வருடத்தில் கோக்க முடியவில்லை. 2024-இல் அவர் நேராக யுனைடெட்டுக்குப் போயிருந்தால், கூடுதலாக இருபது மேட்ச்சோடு இதே வேலையைச் செய்ய வேண்டியிருந்திருக்கும். அவர் தயாராக இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் கீழே இறங்கியதை ஒரு கறையாகப் பார்க்காதீர்கள். 2023-24இல் மேலே வந்த மூன்று அணிகளும் இறங்கின. 2024-25இலும் மூன்றும் இறங்கின. இரண்டு லீகுக்கும் இடையே உள்ள பணப் பள்ளம் அவ்வளவு ஆழம். வின்சென்ட் கொம்பனி 2023-24இல் பர்ன்லியோடு 24 புள்ளி எடுத்து இறங்கினார். அதே மாதம் ஜெர்மனியின் பெரிய கிளப்பான பேயர்ன் மியூனிக் அவரைக் கூப்பிட்டது. உலகமே புருவத்தை உயர்த்தியது. அடுத்த வருடம் பேயர்ன் லீக் சாம்பியன். பர்ன்லியில் தோற்ற அதே மனிதர்தான்.

கொம்பனிக்கு ஒரு வசதி இருந்தது. மான்செஸ்டர் சிட்டியின் கேப்டனாக இங்கிலாந்தின் பெரிய கோப்பைகளையெல்லாம் தூக்கியவர். டிரெஸ்ஸிங் ரூமுக்குள் அவர் நுழைந்தால் யாரும் "நீ யார்" என்று கேட்க மாட்டார்கள். மெக்கென்னாவுக்கு அது கிடையாது. ஆட்டக்காரராகப் பேர் இல்லாதவர் ஜெயிக்க முடியாது என்பதில்லை. ஆனால் அவருக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் அவகாசம் குறைவு. 2011-இல் செல்சி ஆன்ட்ரே வில்லாஸ் போவாஸைக் கொண்டுவந்தது. போர்ட்டோவோடு ஒரு லீக் மேட்ச்கூடத் தோற்காமல் பட்டம் வென்று, யூரோப்பா லீகையும் எடுத்தவர். வயது 33. லாம்பார்டு, ட்ரோக்பா இருவருக்கும் கிட்டத்தட்ட அதே வயது. அவரும் பெரிய அளவில் ஆடாதவர். பழைய தலைகளை ஓரங்கட்டி, ஆட்ட முறையை ஒரேயடியாக மாற்றப் பார்த்தார். மார்ச் 2012-இல் வேலை போனது. மே மாதம் அதே ஆட்டக்காரர்கள் இடைக்கால மேனேஜர் டி மத்தேயோவின் கீழ் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றார்கள். அந்த வருடத்தை நான் பயிற்சியாளர் வகுப்புகளில் தவறாமல் பேசுவேன். வில்லாஸ் போவாஸ் சொன்ன பாடத்தில் தப்பில்லை. யாருக்கு, எந்த வேகத்தில் சொல்வது என்பதில்தான் தவறினார்.

மெக்கென்னா மூன்று வருடம் யுனைடெட்டின் முதல் அணியோடு கேரிங்டன் பயிற்சி மைதானத்தில் இருந்தவர். போக்பா, கவானி, கடைசிச் சில மாதம் ரொனால்டோ என்று பெரிய பேர்களுக்கு நடுவே வேலை செய்திருக்கிறார். இது உதவும். ஆனால் உதவிப் பயிற்சியாளருக்கும் மேனேஜருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. உதவிப் பயிற்சியாளர் யாரையும் பெஞ்சில் உட்கார வைப்பதில்லை. நட்சத்திர ஆட்டக்காரரை வெளியே வைத்த மறுநாள் காலை அவர் முகத்தைப் பார்த்து வேலை வாங்குவது எப்படி என்பதை மேனேஜராக இருந்தால் மட்டுமே கற்க முடியும்.

கூப்பிடும் கிளப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் பிரைட்டனிலிருந்து செல்சிக்குப் போன கிரஹாம் பாட்டருக்கு ஐந்து வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். ஜனவரியில் ஒரே மாதத்தில் ஏழெட்டு புது ஆட்டக்காரர்களை இறக்கினார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் அனுப்பிவிட்டார்கள். 31 மேட்ச், 12 வெற்றி. அந்தச் சூழலில் யார் தயாராக இருந்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. பேயர்ன் 2023 மார்ச்சில் தன் மேனேஜர் நாகல்ஸ்மனை நீக்கியபோது அணி லீகில் முதலிடத்துக்கு ஒரே புள்ளி பின்னால் இருந்தது, சாம்பியன்ஸ் லீகில் காலிறுதிக்கும் வந்திருந்தது. ஆகவே, மெக்கென்னாவுக்கு நான் நண்பனாக இருந்தால் இதைத்தான் சொல்வேன்: சீசன் நடுவில் கூப்பிட்டால் போகாதீர்கள். கோடையில் கூப்பிட்டால், ஜூலை முழுக்கப் பயிற்சிக்கு ஆட்டக்காரர்கள் கிடைப்பார்களா என்று கேளுங்கள். அந்த வருடம் ஐரோப்பிய மேட்ச் இல்லாத பெரிய கிளப் ஒன்று கூப்பிட்டால் யோசிக்காமல் போங்கள். ரசிகர்களுக்கு அது அவமானமான வருடமாக இருக்கும். புதிதாக வரும் மேனேஜருக்கு அதைவிட நல்ல வருடம் கிடையாது. செவ்வாயும் புதனும் அவர் கைக்குத் திரும்பிவிடுகின்றன.

உங்கள் தம்பியோடு சேர்ந்து ஒன்று செய்து பாருங்கள். மெக்கென்னாவின் ஐப்ஸ்விச் மேட்ச்களில், சனிக்கிழமை ஆடிவிட்டு அடுத்த மூன்று நாளுக்குள் ஆடிய மேட்ச்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். சனிக்கிழமை ஆடிய பதினொரு பேரில் யாரை மாற்றினார், யாரை மாற்றவில்லை? எதிரணிக்காகப் புதிதாகச் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் உங்கள் கண்ணுக்கே தெரிகிறதா? அறுபதாவது நிமிடத்தில் பின்தங்கியிருக்கும்போது பெஞ்சிலிருந்து யாரை இறக்குகிறார், இறங்கியவருக்குத் தன் வேலை தெரிகிறதா? பத்து மேட்ச் இப்படிப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். தம்பியையும் தனியாக எழுதச் சொல்லுங்கள்.